80-ஆம் போர்ட்டில் ‘பெர்மிஷன் டினைட்’: எழ மறுத்த ஒரு நோட் சர்வரின் நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிரல் மிகச் சின்னது. நோட்டில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) எழுதியது: அதன் வலைச் சட்டகமான எக்ஸ்பிரஸ் 4, ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் பதில் தரும், கடைசி வரியில் 80-ஆம் போர்ட்டில் இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் ஆப்.லிசன்(80). மேக் லேப்டாப்பில் சாதாரண யூசராக ஓட்டினால் மறுபேச்சில்லாமல் எழுகிறது. ஆப்பைத் தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள்ளும் எழுகிறது. அதே ஃபைலை உபுண்டு 22.04 சர்வரில், என்விஎம் (நோட் பதிப்புகளை நிர்வகிக்கும் கருவி) வழியாகப் போட்ட நோட் 20-இல் ஓட்டினால் உடனே விழுகிறது:

எரர்: லிசன் ஈஆக்சஸ்: பெர்மிஷன் டினைட் 0.0.0.0:80
கோட்: ‘ஈஆக்சஸ்’, எர்நோ: -13, சிஸ்கால்: ‘லிசன்’, அட்ரஸ்: ‘0.0.0.0’, போர்ட்: 80

இதைப் பார்த்ததும் பலருடைய கை போகிற இடம், கட்டளையை ரூட் என்ற முழு நிர்வாகியின் அதிகாரத்தில் ஓட்டும் சுடோ. ‘சுடோ நோட் சர்வர்.ஜேஎஸ்’ என்று அடித்தால், என்விஎம் உள்ள கணினியில் ‘சுடோ: நோட்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று இன்னொரு பிழை வரும். நிரல்களைத் தேடும் அடைவுப் பட்டியலான நம்முடைய பாத்தை சுடோ பார்ப்பதில்லை. சுடோயர்ஸ் ஃபைலில் உள்ள செக்யூர்_பாத் பட்டியலில் மட்டுமே தேடும். ஹோம் அடைவுக்குள் இருக்கும் என்விஎம் நோட் அதன் கண்ணில் படாது. முழுப் பாதையையும் கொடுத்தால் சர்வர் எழுந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையான சேதம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

முதலாவது, சுடோ சூழல் மாறிகளைத் துடைத்துவிடும். எந்த முறையில் ஓட வேண்டும் என்று சொல்லும் நோட்_என்வ் காணாமல் போகும். எக்ஸ்பிரஸ் டெவலப்மென்ட் முறையில் ஓடும். நிரலில் பிழை வந்தால் ஸ்டாக் ட்ரேஸ் முழுவதும் சர்வரின் ஃபைல் பாதைகளோடு பார்வையாளரின் திரையில் விரியும். இரண்டாவது, ரூட்டாக ஓடிய நேரத்தில் எழுதப்பட்ட லாக், பதிவேற்றப்பட்ட படம், கேஷ் எல்லாம் ரூட்டின் சொத்தாகிவிடும். அடுத்த முறை சரியான யூசரில் ஓட்டும்போது ‘ஈஆக்சஸ்: பெர்மிஷன் டினைட், ஓப்பன் /எஸ்ஆர்வி/வெப்ஆப்/லாக்ஸ்/ஆப்.லாக்’ என்று வரும். எண் அதே 13. ஆள் மீண்டும் போர்ட்டைத்தான் சந்தேகிப்பார். மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம்: நோட்_மாட்யூல்ஸுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பொதிகளும் ரூட் அதிகாரத்தோடு இணையத்தைப் பார்த்தபடி ஓடுகின்றன.

பிழை வரியை முழுதாக வாசித்தல்

ஈஆக்சஸ் என்றால் ‘அனுமதி இல்லை’, அவ்வளவுதான். யார் மறுத்தார், எதை மறுத்தார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதன் பக்கத்தில் இருக்கிற சிஸ்கால், அட்ரஸ், போர்ட் மூன்றிலும்தான் இருக்கிறது. ஆனால் நோட் அங்கேயும் ஒரு சின்னப் பொய் சொல்கிறது. நிரல் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையம்) விடுக்கும் அழைப்புகளான சிஸ்கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு நெட்வொர்க் அழைப்புகளை மட்டும் பார்த்தால், சுருக்கமாக இப்படித் தெரியும்:

பைண்ட்(ஏஎஃப்_ஐநெட்6, போர்ட் 80, “::”) = -1 ஈஆக்சஸ்
பைண்ட்(ஏஎஃப்_ஐநெட், போர்ட் 80, “0.0.0.0”) = -1 ஈஆக்சஸ்

கெர்னல் மறுத்தது பைண்டை, அதாவது போர்ட்டைத் தனக்கென்று பிடிக்கும் அழைப்பை. லிசன் அழைப்பு நடக்கவே இல்லை. நோட் தன் பிழைப் பொருளில் எப்போதும் ‘லிசன்’ என்று எழுதிவிடுகிறது. முகவரி எதுவும் கொடுக்காதபோது அது முதலில் ஐபிவி6-இன் ‘::’ முகவரியில் முயல்கிறது. அது தோற்றால் ஐபிவி4-க்கு இறங்குகிறது. இரண்டாவது தோல்வியைத்தான் நமக்குக் காட்டுகிறது. அனுமதிப் பிழையில் 0.0.0.0 தெரிவதற்குக் காரணம் இதுதான். போர்ட்டை வேறு ப்ராசஸ் பிடித்து வைத்திருந்தால் வரும் ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ பிழையின் கதை வேறு. நோட்டின் அடியில் இருக்கும் லிப்யூவி, அந்தப் பிழையை பைண்டிலேயே சொல்லாமல் லிசன் வரை ஒத்திவைக்கும். அதனால் ஐபிவி4-க்கு இறங்கும் வாய்ப்பே வராமல் ‘:::3000’ என்று மூன்று புள்ளி ஜோடிகளோடு முடியும். லினக்ஸில் அதன் எண் 98. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, அனுமதிப் பிழைக்கு கில் அடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கொல்ல அங்கே ஆளே இல்லை.

இன்னும் இரண்டு வீண் வேலைகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, கிளவுட் ஃபயர்வாலில் 80-ஐத் திறப்பது. ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டைத் தடுக்கும், பைண்டைத் தடுக்காது. மற்றொன்று, ப்ராஜெக்ட் அடைவுக்கு சிமாட் 777. போர்ட் எண்ணுக்கும் ஃபைல் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. மிஞ்சுவது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு அடைவு.

1024 என்ற கோடு

1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் மட்டுமே திறக்கலாம் என்ற விதி பெர்க்லி யூனிக்ஸ் காலத்தது. ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச் போன்ற தொலை உள்நுழைவுச் சேவைகள், எதிர்முனை சின்ன எண் போர்ட்டிலிருந்து பேசினால் ‘அந்தக் கணினியின் நிர்வாகிதான் பேசுகிறார்’ என்று நம்பின. அந்த நம்பிக்கைக்கு இன்று மதிப்பில்லை, விதி மட்டும் தங்கிவிட்டது. லினக்ஸில் இதன் நுட்பமான வடிவம், கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ் என்ற கேபபிலிட்டி. ரூட்டின் மொத்த அதிகாரத்தையும் துண்டு துண்டாக நறுக்கி வைத்ததில் இது ஒரு துண்டு. சின்ன போர்ட்டைத் திறக்க மட்டும் உதவும். 2017-இல் வந்த கெர்னல் 4.11 முதல் அந்தக் கோட்டையே நகர்த்தவும் முடியும்: நெட்.ஐபிவி4.ஐபி_அன்ப்ரிவிலேஜ்ட்_போர்ட்_ஸ்டார்ட் என்ற சிஸ்கன்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) மதிப்பு, இயல்பாக 1024.

மேக்கில் ஏன் ஓடியது? 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் இந்த விதியைத் தளர்த்திவிட்டது, ஆனால் பாதிதான். எல்லா முகவரியிலும் கேட்கும் 0.0.0.0 அல்லது ‘::’ என்றால் சாதாரண யூசருக்கே 80 கிடைக்கும். அதே மேக்கில் ஆப்.லிசன்(80, ‘127.0.0.1’) என்று எழுதிப் பாருங்கள், ஈஆக்சஸ் வந்து நிற்கும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லோக்கல்ஹோஸ்ட்டுக்குச் சுருக்கியவருக்குப் பிழை, உலகத்துக்கே திறந்துவிட்டவருக்குப் பிழை இல்லை!

டாக்கரில் ஓடியதற்குக் காரணம் மேலே சொன்ன சிஸ்கன்ட்ரோல்தான். டாக்கர் 20.10 முதல் ஒவ்வொரு கன்டெய்னரின் நெட்வொர்க் வெளியிலும் அந்த மதிப்பை 0 ஆக்கிவிடுகிறது. இமேஜில் ‘யூசர் நோட்’ என்று எழுதி, யூஐடி 1000-இல் ஓட்டினாலும் 80 திறக்கும். அதே இமேஜை, கன்டெய்னர்களைப் பல கணினிகளில் நடத்தும் குபர்நெட்டீஸில், கன்டெய்னர்டி 1.x ஓடும் கணினியில் ஏற்றினால் அங்கே அந்தத் தளர்வு இயல்பில் அணைந்திருக்கும். பாட் (குபர்நெட்டீஸில் கன்டெய்னர் ஓடும் அலகு) விழுந்து விழுந்து எழும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற சாட்சி இந்த விஷயத்தில் செல்லாது. கன்டெய்னருக்குள் 80 வேண்டும் என்ற தேவையே பெரும்பாலும் கிடையாது. உள்ளே 8080-இல் கேட்கட்டும். வெளியே டாக்கரில் -பி 80:8080, குபர்நெட்டீஸில் சர்வீஸின் டார்கெட்போர்ட் 8080 என்று இணைத்தால் முடிந்தது.

உபுண்டு சர்வரில் தேர்ந்தெடுத்த வழி

கன்டெய்னர் இல்லாத சர்வர், முன்னால் வேறு ப்ராக்ஸி இல்லை, ஒரே ஒரு ஆப். இந்த நிலைக்கு, லினக்ஸில் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலே பொருத்தம். முதலில் நோட்டை என்விஎம்மிலிருந்து பிரித்து /யூஎஸ்ஆர்/பின் அடியில் தொகுப்பாகப் போட வேண்டும். அதன்பின் உள்நுழைய முடியாத ஒரு சிஸ்டம் யூசர், இங்கே வெப்ஆப். யூனிட்டின் முக்கியப் பகுதி:

[சர்வீஸ்]
யூசர்=வெப்ஆப்
என்விரான்மென்ட்=நோட்_என்வ்=ப்ரொடக்‌ஷன்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/நோட் /எஸ்ஆர்வி/வெப்ஆப்/சர்வர்.ஜேஎஸ்
ஆம்பியன்ட்கேபபிலிட்டீஸ்=கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்
கேபபிலிட்டிபவுண்டிங்செட்=கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்
நோநியூப்ரிவிலேஜஸ்=ட்ரூ
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்

(சிஸ்டம்டி கேட்கும் ஆங்கில எழுத்திலேயே ஃபைலில் அடிக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.) ஆம்பியன்ட் வரி அந்த ஒரு துண்டு அதிகாரத்தை ப்ராசஸின் கையில் கொடுத்தே அனுப்புகிறது. பவுண்டிங் வரி வேறு எந்தத் துண்டும் எப்போதும் கிடைக்காதபடி கதவைச் சாத்துகிறது. டீமன்-ரீலோட் செய்து யூனிட்டை எழுப்பியபின், கிடைத்ததா என்று ஊகிக்கத் தேவையில்லை. /ப்ராக் அடியில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குள் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தால் கேப்இஎஃப்எஃப் வரியில் 0000000000000400 இருக்க வேண்டும். பைண்ட் சர்வீஸ் பத்தாவது பிட். இரண்டின் பத்தாம் அடுக்கு 1024, பதினாறடிமான எண்ணில் 400. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் அதிகாரம் வந்து சேரவில்லை. எஃப் வரிசையாக நிரம்பியிருந்தால் ரூட்டாகவே ஓடுகிறது, யூசர் வரி, பவுண்டிங் வரி இரண்டும் விட்டுப்போயிருக்கும்.

பழைய சுடோவின் எச்சத்தையும் இந்தக் கட்டத்திலேயே கழுவ வேண்டும். ‘ஃபைண்ட் /எஸ்ஆர்வி/வெப்ஆப் -யூசர் ரூட்’ என்று தேடினால் எவை எவை ரூட் கைக்குப் போயின என்று தெரியும். லாக்ஸ், அப்லோட்ஸ் போன்று ஆப் எழுதும் அடைவுகளை மட்டும் வெப்ஆப் பெயருக்கு மாற்றினால் போதும். நிரல் ஃபைல்கள் ரூட் பெயரிலேயே இருப்பது நல்லது, ஆப் தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடியாது.

செட்கேப்பின் பொறிகள்

இணையத்தில் அதிகம் சுற்றும் தீர்வு இது: நோட் பைனரியின் மீதே அதிகாரத்தை ஒட்டிவிடுவது. ‘சுடோ செட்கேப் கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்=+இபி’ என்று எழுதி, பின்னால் நோட்டின் உண்மையான பாதை. வேலை செய்யும். ஆனால் அந்த நோட்டில் ஓடும் எந்த நிரலுக்கும் அதிகாரம் கிடைத்துவிடுகிறது. யாரோ எழுதிய பொதியின் போஸ்ட்-இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டும் அதில் சேர்த்தி. ஒற்றை ஆள் வைத்திருக்கும் டெவலப்மென்ட் கணினிக்குச் சரி, பலர் புழங்கும் சர்வருக்கு வேண்டாம்.

அது தோற்கும் விதங்களைத் தெரிந்து வைத்திருந்தால் அரை நாள் மிச்சமாகும். செட்கேப் சிம்லிங்கின் மேல் ஒட்டாது. ரீட்லிங்க் -எஃப் போட்டு மூல ஃபைலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிகாரம் ஃபைலின் நீட்சிப் பண்பாக எழுதப்படுவதால், ஏபிடி அப்கிரேட் நோட்டை மாற்றிப் போட்டதும் போய்விடும். என்விஎம்மில் புதுப் பதிப்புக்குப் புது அடைவு, அங்கே அதிகாரம் எதுவும் ஒட்டியிருக்காது. பாதுகாப்புக்காக ஹோம் பகிர்வை நோசூயிட் விருப்பத்தோடு மவுண்ட் செய்திருந்தால், ஃபைல் மீதான கேபபிலிட்டியை கெர்னல் கண்டுகொள்ளாது. கெட்கேப் ‘இருக்கிறது’ என்று காட்டும், ப்ராசஸுக்கோ கிடைக்காது.

இதே குணம் நோநியூப்ரிவிலேஜஸுக்கும் உண்டு. யூனிட்டில் அந்த வரி இருந்து, ஆம்பியன்ட் வரி இல்லாமல், செட்கேப்பை மட்டும் நம்பியிருந்தால் ஈஆக்சஸ்தான். ஷெல்லில் கையால் ஓட்டினால் எழுகிறது, யூனிட்டாக ஓட்டினால் விழுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டாக்கரில் இதன் கண்ணாடிப் பிம்பம்: செட்கேப் போட்ட நோட் உள்ள இமேஜை, எல்லா கேபபிலிட்டியையும் கழற்றும் கேப்-ட்ராப் ஆல் விருப்பத்தோடு ஓட்டினால், போர்ட் வரை போகவே போகாது. நோட்டைத் தொடங்கும் எக்ஸெக் அழைப்பே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று நின்றுவிடும். தனக்கு ஒட்டிய அதிகாரம் முழுதாகக் கிடைக்காத பைனரியை கெர்னல் ஓட விடாது.

நோட் ஆப்களைப் பின்னணியில் ஓட்டும் பிஎம்2 வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கிளஸ்டர் முறையில் போர்ட்டைத் திறப்பது உங்கள் ஆப் ப்ராசஸ் அல்ல, முதன்மை ப்ராசஸ். அதாவது பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிஎம்2 டீமன். செட்கேப் போடுவதற்கு முன்பு பிறந்த டீமனிடம் அதிகாரம் இருக்காது. ‘பிஎம்2 ரீஸ்டார்ட்’ எத்தனை முறை அடித்தாலும் அதே பிழை. ‘பிஎம்2 கில்’ அடித்து டீமனையே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

கேபபிலிட்டி ஒட்டிய பைனரிக்கு லினக்ஸ் சில சூழல் மாறிகளைக் கொடுக்காது. எல்டி_லைப்ரரி_பாத் அதில் ஒன்று. நோட்டும் தன் பங்குக்கு நோட்_ஆப்ஷன்ஸ் போன்றவற்றைப் புறக்கணிக்கும், பைண்ட் சர்வீஸ் ஒன்று மட்டும் இருந்தால் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கில் இருந்த ஓட்டையை 2024 பிப்ரவரியில் 18.19.1, 20.11.1, 21.6.2 பதிப்புகளில் அடைத்தார்கள். அதற்கு முந்தைய நோட்டில் செட்கேப்பைத் தொடவே வேண்டாம்.

மற்ற வழிகளைப் பற்றிச் சில வரிகள் போதும். லினக்ஸின் பாக்கெட் விதிகளான ஐபிடேபிள்ஸில் 80-ஐ 3000-க்குத் திருப்பும் ப்ரீரவுட்டிங் விதி வெளியிலிருந்து வருவதற்கு மட்டுமே பொருந்தும்; அதே சர்வரிலிருந்து கர்ல் அடித்தால் திரும்பாது, ‘வேலை செய்யவில்லை’ என்று தோன்றும். கணினியை மறுதொடக்கம் செய்தால் விதியும் போய்விடும், சேமித்து வைக்காவிட்டால். சிஸ்கன்ட்ரோலை 80-க்கு இறக்கினால் அந்தக் கணினியின் எல்லா யூசருக்கும் 80 முதல் திறந்துவிடும். தனி ஆப்புக்கான சர்வரில் அது பெரிய குற்றமில்லை. ரூட்டாகத் தொடங்கி, போர்ட் திறந்தபின் நிரலுக்குள்ளேயே யூசரை மாற்றுவதானால் ப்ராசஸ்.செட்ஜிஐடி முதலில், செட்யூஐடி பிறகு. வரிசை மாறினால் குழுவை மாற்றும் அதிகாரம் அதற்குள் போயிருக்கும்.

ஒரே சர்வரில் இரண்டு ஆப் வந்துவிட்டால், முன்னால் நின்று இணைப்புகளை வாங்கி ஆப்புக்குத் தரும் ப்ராக்ஸியான எஞ்சின்எக்ஸ்தான் வழி. அதன் மாஸ்டர் ரூட்டாக 80, 443-ஐத் திறந்து, வேலையாட்களைக் குறைந்த யூசரில் ஓட்டும், நோட் 127.0.0.1:3000-இல் கேட்கும். முகவரியை எழுதாமல் விட்டால் 3000 வெளியுலகுக்கும் திறந்திருக்கும், மறக்க வேண்டாம். ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸில் இங்கேயும் அதே 13 வந்து முறைக்கும்: உலாவியில் 502, எஞ்சின்எக்ஸ் லாகில் ‘13: பெர்மிஷன் டினைட், வைல் கனெக்டிங் டு அப்ஸ்ட்ரீம்’. மறுப்பது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. செட்எஸ்இபூல் -பி போட்டு ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் மதிப்பை 1 ஆக்கினால் போதும். எஸ்இலினக்ஸையே அணைப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

விண்டோஸில் 3000-க்கும் மறுப்பு

அதே நிரலை விண்டோஸ் 11-இல், போர்ட்டை 3000 ஆக்கி ஓட்டியும் ஈஆக்சஸ் வரக்கூடும், எண் -4092. விண்டோஸுக்கு 1024 கோடு கிடையாது. நிர்வாகியாக ஓட்டினாலும் போகாது. நெட்ஸ்டாட்டில் 3000-ஐ யாரும் பிடித்திருக்கவில்லை. நேற்று ஓடியது, இன்று மறுதொடக்கத்துக்குப் பின் ஓடவில்லை.

மறுப்பவர் விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வி. டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் டெஸ்க்டாப் இருந்தால் அதுவும் இருக்கும். அதன் வின்நாட் சேவை, கணினி எழும்போது தனக்கென்று போர்ட் தொகுதிகளை முன்பதிவு செய்துகொள்கிறது, பெரும்பாலும் நூறு நூறாக. பார்க்கும் கட்டளை:

நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபிவி4 ஷோ எக்ஸ்குளூடட்போர்ட்ரேஞ்ச் ப்ரோட்டோகால்=டிசிபி

பட்டியலில் 2980–3079 போன்ற ஒரு வரி இருந்தால் 3000 அதன் வயிற்றுக்குள் மாட்டியிருக்கிறது. இந்தத் தொகுதிகள் டைனமிக் போர்ட் வரம்பிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அந்த வரம்பு இயல்பில் 49152-இல் தொடங்கி 16384 போர்ட். நம் 3000 பக்கம் வரவே கூடாது. ‘ஷோ டைனமிக்போர்ட் டிசிபி’ போட்டுப் பார்த்து, அது 1024-இல் தொடங்குவதாகக் காட்டினால் அதுவே மூலக் காரணம். நிர்வாகி டெர்மினலில் ‘நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபிவி4 செட் டைனமிக் டிசிபி ஸ்டார்ட்=49152 நம்=16384’ என்று திருத்தி ஒரு மறுதொடக்கம். உடனடித் தேவைக்கு ‘நெட் ஸ்டாப் வின்நாட்’, பிறகு ‘நெட் ஸ்டார்ட் வின்நாட்’. தொகுதிகள் வேறு இடத்துக்கு நகரும். நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் நடுவில் ‘ஆட் எக்ஸ்குளூடட்போர்ட்ரேஞ்ச் ப்ரோட்டோகால்=டிசிபி ஸ்டார்ட்போர்ட்=3000 நம்பர்ஆஃப்போர்ட்ஸ்=1’ என்று போட்டுவிட்டால் 3000 நமக்கென்று ஒதுங்கிவிடும்; பட்டியலில் அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரியும். நட்சத்திரம் உள்ள போர்ட்டை வின்நாட் எடுக்காது, நம் நிரல் பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

போர்ட்டே இல்லாத போர்ட் பிழை

இந்த வகையைத்தான் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பிழை இப்படி:

எரர்: லிசன் ஈஆக்சஸ்: பெர்மிஷன் டினைட் டிசிபி://10.96.14.7:80

குபர்நெட்டீஸில் ‘வெப்’ என்ற பெயரில் ஒரு சர்வீஸ் இருந்தால், அதே நேம்ஸ்பேஸில் பிறகு எழும் பாட்களுக்குள் வெப்_போர்ட் என்ற சூழல் மாறி தானாக வந்துவிடும், இப்படி ஒரு முழு முகவரியோடு. நம் நிரலும் தற்செயலாக வெப்_போர்ட்டைத்தான் படிக்கிறது. நோட்டின் லிசன், எண்ணாக மாற்ற முடியாத சரம் வந்தால் அதை போர்ட்டாக எடுத்துக்கொள்ளாது, யூனிக்ஸ் சாக்கெட் ஃபைலின் பாதையாக எடுத்துக்கொள்ளும். ‘டிசிபி:’ என்ற அடைவு எங்கே இருக்கிறது? கெர்னல் சொல்வது உண்மையில் ‘அப்படி அடைவே இல்லை’ என்ற ஈநோஎன்ட் பிழை. லிப்யூவி அதை, விண்டோஸோடு ஒத்துப்போவதற்காக, ஈஆக்சஸாக மாற்றித் தருகிறது. ஆக அனுமதியும் காரணமில்லை, போர்ட்டும் காரணமில்லை. பாட் வரையறையில் எனேபிள்சர்வீஸ்லிங்க்ஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்கலாம், அல்லது மாறியின் பெயரை மாற்றலாம்.

என்வ் ஃபைலில் ‘போர்ட்=3000;’ என்று பழக்கதோஷத்தில் அரைப்புள்ளி வைத்தாலும் இதேதான். அடைவில் எழுதும் அனுமதி இல்லையென்றால் ‘பெர்மிஷன் டினைட் 3000;’ என்று வரும்; அரைப்புள்ளி கண்ணில் படவே படாது. அனுமதி இருந்தால் இன்னும் மோசம்: பிழையே வராது, சர்வர் ஓடும், யாராலும் இணைய முடியாது, அடைவில் ‘3000;’ என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடக்கும். மாறி வைக்கப்படவே இல்லையென்றால் போர்ட் 0 ஆகி, ஏதோ ஒரு சீரற்ற போர்ட் திறக்கும். ஆகவே லிசனுக்கு முன் நம்பர் என்று மாற்றி, முழு எண்தானா, 1 முதல் 65535-க்குள்தானா என்று சோதித்து, இல்லையென்றால் வந்த மதிப்பை மேற்கோளுக்குள் அச்சிட்டு வெளியேற வேண்டும். மேற்கோள் முக்கியம், அதில்லாமல் இடைவெளியும் அரைப்புள்ளியும் தப்பிவிடும்.

எக்ஸ்பிரஸ் 5-க்கு மாறியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2024-இல் வந்த அந்தப் பதிப்பில், லிசன் தோற்றால் பிழை வெளியே வீசப்படுவதில்லை. நாம் கொடுத்த கால்பேக்குக்கே (லிசன் முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்) முதல் அளவுருவாக வருகிறது. எல்லோரும் எழுதும் ‘சர்வர் ஓடுகிறது’ என்று அச்சிடும் கால்பேக் அந்த அளவுருவைப் பார்ப்பதில்லை. விளைவு: 80 மறுக்கப்படுகிறது, திரையில் ‘சர்வர் ஓடுகிறது’ என்று வருகிறது, ப்ராசஸ் வெளியேறு எண் 0-ஓடு அமைதியாக முடிகிறது. வெளியேறு எண் 0 என்பதால் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியரும் அசையாது. கால்பேக்கின் முதல் வரியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்த்து, பிழையின் கோட், முகவரி, போர்ட் மூன்றையும் அச்சிட்டு, எண் 1-ஓடு வெளியேறுங்கள். ‘80 கிடைக்காவிட்டால் 3000’ என்று மௌனமாகத் தாவும் நிரலை எழுதாதீர்கள். சர்வர் ஓடும், தளம் திறக்காது, காரணம் லாகில் இருக்காது. போர்ட் பிடிபட்டிருந்தால் ஓரிரு நொடி விட்டு மறுபடி முயல்வதில் அர்த்தம் உண்டு, பழைய ப்ராசஸ் விலகலாம். அனுமதி மறுப்பு காத்திருந்தால் மாறாது.

443-க்குப் போனபோது

80 சரியானபின் ஹெச்டிடிபிஎஸ். 443-க்கும் அதே ஆம்பியன்ட் வரி போதும், ஆனால் ஈஆக்சஸ் மறுபடி வந்தது. இம்முறை சிஸ்கால் ‘ஓப்பன்’, பாதை /ஈடிசி/லெட்ஸ்என்க்ரிப்ட்/லைவ் அடியில் உள்ள ப்ரைவ்கீ, அதாவது சான்றிதழின் ரகசியச் சாவி. லைவ், ஆர்க்கைவ் இரண்டு அடைவுகளும் ரூட்டுக்கு மட்டும் திறக்கும் 0700 அனுமதியில் இருக்கின்றன. வெப்ஆப் யூசர் உள்ளே நுழைய முடியாது. அடைவைத் தளர்த்துவதைவிட யூனிட்டில் லோட்க்ரெடென்ஷியல் வரி சேர்ப்பது சுத்தம்: சிஸ்டம்டி ரூட்டாகச் சாவியைப் படித்து, அந்த சர்வீஸ் மட்டும் பார்க்கக்கூடிய ஓர் அடைவில் வைக்கும், அதன் பாதை க்ரெடென்ஷியல்ஸ்_டைரக்டரி என்ற மாறியில் கிடைக்கும். சிஸ்டம்டி 247 முதல் உண்டு, உபுண்டு 22.04-இல் இருப்பது 249. சாவி சர்வீஸ் எழும்போது மட்டுமே படிக்கப்படுவதால், சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் வேண்டும். ரின்யூவல்-ஹூக்ஸ் அடைவின் டெப்ளாய் பகுதியில் ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் வெப்ஆப்’ என்ற ஒரு வரி ஸ்கிரிப்ட் வைத்து, அதற்கு இயக்க அனுமதியும் கொடுக்க வேண்டும்.

சோதனை இரண்டு தடவை நடந்தது, ஒருமுறை உடனே, ஒருமுறை சர்வரை மறுதொடக்கம் செய்தபின். ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ பட்டியலில் 80, 443 இரண்டிலும் நோட். ‘பிஎஸ்’ காட்டும் யூசர் வெப்ஆப். ஸ்டேட்டஸ் ஃபைலில் 400. ஃபைண்ட் தேடலில் லாக்ஸ், அப்லோட்ஸ் அடியில் ரூட்டின் ஃபைல் எதுவும் இல்லை. வேறொரு நெட்வொர்க்கிலிருந்து அடித்த கர்ல் 200 தந்தது.